தேதி இல்லாத விண்ணப்பம்

தன் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டவள் தான் என்பது ஸ்லத்கா மரின்சேவாவுக்குத் தெரியவந்தது பிப்ரவரி முதல் செவ்வாய்க்கிழமை, மாவட்ட நகரத்துக் காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் எண் ஜன்னலில்.

"உங்க வேலைப் புத்தகத்தைப் பாருங்கம்மா. முந்நூத்தி இருபத்தாறாம் பிரிவுன்னு போட்டிருக்கு. தொழிலாளியே எழுதிக் கொடுத்து விலகினதுன்னு அர்த்தம்," என்றாள் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவள். மார்பில் குத்தியிருந்த அட்டையில் வெலிச்கோவா என்று இருந்தது. "தானா விலகினவங்களுக்கு நாலு மாசம்தான் உதவித்தொகை. அதுவும் ஆகக் குறைஞ்ச தொகை."

"நான் விலகலையே. எட்டுப் பேரை நிக்க வெச்சு வீட்டுக்குப் போங்கன்னு சொன்னாங்க."

"சொல்லியிருப்பாங்க. நான் தாளைத்தானே பார்க்க முடியும்?"

"தாள்ல பொய் எழுதியிருந்தா?"

"மேல்முறையீடு பண்ணுங்க. பதினாலு நாள் இருக்கு. படிவம் தாழ்வாரத்துல இருக்கும், பச்சைப் பெட்டியில."

பச்சைப் பெட்டியில் படிவம் இல்லை. தீர்ந்துவிட்டது என்று காவலாளி சொன்னான். எதிரே நகல் எடுக்கும் கடையில் அதே படிவத்தின் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, தாழ்வாரத்தின் ஜன்னல் திட்டில் வைத்து நிரப்பினாள். பெயர், தந்தை பெயர், முகவரி, அடையாள அட்டை எண், அட்டை வழங்கிய நாள், வழங்கிய காவல் துறை அலுவலகம். எண்ணுக்காகக் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்துப் பார்த்து எழுதினாள். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது.

ஜனவரி பதினான்காம் தேதி நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தையல் ஆலையின் இஸ்திரிக் கூடத்தில் நீராவி போட்டிருந்தார்கள். மேலாளர் கொலேவ் உள்ளே வந்து, இத்தாலியில் இருந்து ஆர்டர் வரவில்லை, சட்டை தைக்கும் வரிசை ஒன்றை மூடுகிறோம் என்றான். கையில் இருந்த சீட்டைப் பார்த்து எட்டுப் பெயர் படித்தான். வேலை வந்தால் கூப்பிடுகிறோம் என்றான். இரண்டு நாள் கழித்து வேலைப் புத்தகங்களை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார்கள். எந்தப் பிரிவு என்று எட்டுப் பேரில் ஒருத்தியும் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் ஒரே மேசையில் நின்று சட்டைக் காலர் தேய்த்தவளுக்குப் பிரிவு எண்களில் என்ன வேலை?

ஸ்லத்காவுக்கு அறுபத்தோரு வயது. ஓய்வூதியத்துக்கான வேலைக்காலத்தில் பதினோரு மாதம் குறைந்தது. அந்த வயதில் அந்தச் சிறு ஊரில் யாரும் அவளை வேலைக்கு எடுக்கப் போவதில்லை. ஆனால் உதவித்தொகை வாங்கும் மாதங்களும் வேலைக்காலமாகவே கணக்கில் சேரும். ஆலை தன்னை அனுப்பியதாகப் பதிவானால் பன்னிரண்டு மாதம் கிடைக்கும், அடுத்த வருடம் ஓய்வூதியம் வந்துவிடும். தானே போனதாகப் பதிவானால் நான்கு மாதம். மீதி ஏழு மாதத்துக்கு எங்கே போய் நிற்பது? கணவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் ஸ்டுட்கார்ட் பக்கம் லாரி ஓட்டுகிறான், அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அவனிடம் கேட்க அவளுக்கு வாய் வந்ததில்லை.

திரும்பும் பேருந்தில் ஜெமிலே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி, காஜா எடுக்கும் இயந்திரத்தில் இருந்தவள். நாற்பது வயது, வாய் நிறையச் சூரியகாந்தி விதை.

"எனக்கும் அதேதான் சொன்னா அக்கா. நானே ராஜினாமா பண்ணிட்டேனாம். ஆமா, எனக்கு மான்டி கார்லோல மாளிகை இருக்கு, எதுக்குக் காஜா எடுக்கணும்னு விட்டுட்டேன்."

"மேல்முறையீடு எழுதினியா?"

"எழுதி?" ஜெமிலே தோலைக் கைக்குட்டையில் துப்பினாள். "ஏப்ரல்ல கிரேக்கத்துல அஸ்பாரகஸ் தண்டு வெட்டற தோட்டத்துல ஆள் எடுக்கறாங்க. என் மச்சான் வண்டியில இடம் இருக்கு. நீங்களும் வாங்களேன்."

"குனிஞ்சா நிமிர முடியல எனக்கு."

"நாம என்னிக்குத்தான் நிமிர்ந்தோம்?" என்றாள் ஜெமிலே. ஆற்றுப் பாலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அந்தத் தாள் ஞாபகம் இருக்கா? வேலையில சேர்ந்த அன்னிக்கு எழுதி வாங்கினாங்களே."

ஸ்லத்காவுக்கு ஞாபகம் இருந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் அந்தப் பிரிவு எண்ணைக் கேட்ட நிமிடத்திலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வேலையில் சேர்ந்த அன்று ஒப்பந்தம், பாதுகாப்பு விதி, சாவிக்கான ரசீது என்று வரிசையாகக் கையெழுத்து வாங்கினார்கள். கடைசியாக ஒரு வெள்ளைத்தாள். சுவரில் ஒட்டியிருந்த மாதிரியைப் பார்த்து அப்படியே கையால் எழுத வேண்டும்: என் சொந்த விருப்பத்தின் பேரில் என்னை வேலையிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து. தேதி மட்டும் போட வேண்டாம். ஊரில் எல்லா ஆலைகளிலும் இதே வழக்கம். வேலை கிடைத்த சந்தோஷத்தில் எழுதும் தாள் அது. அன்று அதை அவளிடம் நீட்டியவள் நெவெனா.

"சும்மா ஒரு சம்பிரதாயம் ஸ்லத்கா. என்னுதும் உள்ளதான் இருக்கு," என்று சொன்னவளும் அவள்தான்.

நெவெனா ஆலையின் பணியாளர் பிரிவில் இருந்தாள். ஸ்லத்காவுக்கு அவள் கூமா, திருமணச் சாட்சியாக நின்றவர்கள் வழி வந்த ஞானத்தாய் முறை. ஸ்லத்காவின் திருமணத்தில் முன்னின்று முடிசூட்டியவர்கள் நெவெனாவின் பெற்றோர். அவர்களுக்குப் பிறகு அந்த உறவு மகளுக்கு வந்தது. ஸ்லத்காவின் மகன் திருமணத்தில் நெவெனா முன்னின்றாள். வயதில் ஒன்பது வருடம் இளையவள்தான். ஆனால் கூமா என்றால் கூமாதான். தெருவில் பார்த்தால் ஸ்லத்காதான் முதலில் நிற்பாள்.

அதனால்தான் ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் தாளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூமா நீட்டியதை எழுதினாள்.

பிப்ரவரி முழுக்கத் தாள்களில் போனது. தொழிலாளர் அலுவலகத்தில் பதிவு அட்டைக்கு வேறு படிவம். வேலை தேடும் திட்டம் என்று ஒன்று, அதில் 'என் பலங்கள்' என்ற கட்டம். வேலைவாய்ப்பு ஆலோசகர், இருபத்தைந்து வயதிருக்கும், அவளாகவே அதில் 'பொறுமை' என்று எழுதிக்கொண்டாள். வேலைக்காலச் சான்றுக்கு ஒரு விண்ணப்பம். கூட்டுறவுப் பண்ணையில் இளம்பெண்ணாக இருந்தபோது வேலை செய்த இரண்டு வருடத்துக்கு ஆவணக் காப்பகத்தில் ஒரு விண்ணப்பம். காப்பகம் செவ்வாயும் வியாழனும்தான் திறக்கும். வங்கிக் கணக்கு எண்ணை உறுதிசெய்ய ஒரு படிவம், அதை அவர்கள் தொலைத்ததால் மறுபடி அதே படிவம். ஒவ்வொன்றிலும் அடையாள அட்டை எண், வழங்கிய நாள், வழங்கிய அலுவலகம். ஏழாவது எட்டாவது படிவத்துக்குப் பிறகு அவள் கைப்பையைத் திறக்கவில்லை. எண் தானாகக் கைக்கு வந்தது. ராத்திரி தூங்குவதற்கு முன்னால்கூட அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு என்று முடியும் அந்த எண் தலையில் ஓடியது.

மேல்முறையீட்டுக்கு மார்ச் முதல் தேதி பதில் வந்தது. ஒன்றரைப் பக்கம். அதில் அவளுக்குப் புரிந்தது ஒரே வாக்கியம்: முடிவில் மாற்றமில்லை.

மறுநாள் முதல் பேருந்தில் போனாள். வெலிச்கோவாவின் மணிக்கட்டில், மார்ச் பிறந்ததும் நல்லதுக்காக எல்லோரும் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூல். ஸ்லத்காவின் கையிலும் இருந்தது. ஊரில் முஸ்லிமான ஜெமிலேகூடக் கட்டியிருந்தாள்.

"நான் எழுதினதா சொல்றீங்களே, அந்தத் தாளைக் காட்டுங்க. என் கண்ணால பார்க்கணும்."

"கோப்பைக் காட்டறதுக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்கணும்."

"கொடுங்க, எழுதறேன்."

வெலிச்கோவா அவளை ஒரு கணம் பார்த்தாள். பின்னால் பதினொரு பேர் நின்றார்கள். படிவத்தைக் கேட்காமலே எழுந்து போய்க் கோப்பை எடுத்துவந்தாள். தாளைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினாள். மூலத்துக்கு உண்மையான நகல் என்று ஆலையின் முத்திரை.

"உங்க கையெழுத்துதானே?"

ஸ்லத்காவின் கையெழுத்துதான். பள்ளிக்கூடத்தில் பழகிய சாய்ந்த எழுத்து. ஒவ்வொரு வார்த்தையும் அவளுடையது. கீழே தேதி மட்டும் வேறு. ஜனவரி 14 என்பதில் அந்த ஒன்று, நீளமாக மூக்கு வைத்த ஒன்று. அந்த ஒன்றை அவளுக்குத் தெரியும். மகனின் திருமணத்துக்கு நெவெனா கொடுத்த பரிசு உறையில் அதே ஒன்று இருந்தது.

"என் எழுத்துதான். தேதி என்னுது இல்ல."

"அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்? ஒரு கோடும் ஒரு நாலும்." வெலிச்கோவா குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாதிரி எவ்வளவோ பார்க்கறேன். தெரியாம இல்ல. ஆனா வேலைநீக்கக் காரணத்தை எங்களால மாத்த முடியாது. நீதிமன்றம்தான் மாத்தலாம். அதுக்கு ரெண்டு மாசக் கெடு. நீங்க எப்ப வெளியே வந்தீங்க?"

"ஜனவரி பதினாலு."

"அப்ப இன்னும் பன்னிரண்டு நாள். நகல் வேணும்னா இந்தப் படிவம் எழுதுங்க."

ஸ்லத்கா படிவத்தைத் திட்டில் வைத்தாள். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தாள். தன் எழுத்தைத் தானே பொய் என்று எந்த நீதிபதியிடம் சொல்வது? பெயர் எழுதினாள். தந்தை பெயர் எழுதினாள். அட்டை எண்ணை எழுதினாள், அறுபத்திரண்டில் முடித்தாள். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா," என்றாள். தன்னைவிட முப்பது வயது சின்னவளை அப்படிக் கூப்பிட்டது அவளுக்கே தெரியவில்லை. "அந்தத் தாளை இன்னொரு தடவை காட்டுங்க. மேல, பெயருக்குப் பக்கத்துல."

கண்ணாடியில் மறுபடியும் தாள் வந்தது. நான், ஸ்லத்கா மரின்சேவா, அடையாள அட்டை எண் என்று தொடங்கி ஒன்பது இலக்கம். பதினேழில் முடிந்தது. வழங்கிய ஆண்டு 2003.

"இது என் நம்பர் இல்ல."

"உங்க எழுத்துன்னீங்க?"

"என் எழுத்துதான். பழைய அட்டையோட நம்பர். அது காலாவதியாகி, நான் வேலையில சேர்ந்த அதே வருஷம் இலையுதிர் காலத்துல மாத்தினேன். போலீஸ் ஆபீஸ்ல என் கண்ணு முன்னால மூலையை வெட்டிப் போட்டாங்க. இந்த ஜனவரியில அந்த நம்பரை நான் எதுக்கு எழுதறேன்? தூக்கத்துல கேட்டாலும் புதுசைத்தான் சொல்வேன். இந்த ஒரு மாசத்துல எத்தனை தடவை எழுதியிருக்கேன் தெரியுமா உங்களுக்கு?"

வரிசையில் நின்ற ஒரு மனிதர், "அடடே," என்றார். வெலிச்கோவா தாளைத் திருப்பித் தானும் படித்தாள். நகல் எடுத்தாள். முத்திரை குத்தினாள். கட்டணச் சீட்டு எழுதத் தொடங்கி, பாதியில் கிழித்துப் போட்டாள்.

"நீதிமன்றத்துக்கு எதிரே லாட்டரிக் கடையில ஒரு பொண்ணு மனு அடிச்சுத் தருவா," என்றாள். "தொழிலாளர் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. கேட்டா கொடுக்காதீங்க."

வீட்டுக்கு வந்தபோது ஸ்லத்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. வழி திறந்தது போல் இருந்தது, வழியில் நெவெனா நின்றாள். தாளைப் பத்திரப்படுத்தியவள் அவள். தேதி எழுதியவள் அவள். நீதிபதி முதலில் கேட்கப் போவது அவளைத்தான்.

அந்த ஞாயிறு மன்னிப்பு ஞாயிறு. ஈஸ்டருக்கான பெரிய நோன்புக்கு முன்னால் இளையவர்கள் பெரியவர்கள் வீட்டுக்கும், திருமணமானவர்கள் தங்கள் கூமா வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்கும் நாள். ஸ்லத்கா முப்பத்தெட்டு வருடமாக ஒரு வருடமும் தவறியதில்லை. ஜெமிலே சனிக்கிழமை தொலைபேசியில் கேட்டாள்:

"நாளைக்கும் போகப் போறீங்களா? அவகிட்டயா? மன்னிப்பு யாரு கேக்கணும் அக்கா, நீங்களா?"

"வழக்கம் அப்படி."

"எங்க பக்கம் இப்படி ஒரு நாள் இல்லாதது நல்லதாப் போச்சு. இருந்திருந்தா கொலேவ் வீட்டு வாசல்ல போய் நான் நின்னிருக்கணும்."

ஒரு ஆரஞ்சு, ஒரு பாட்டில் ஒயின், பாலாடைக்கட்டி வைத்துத் தான் சுட்ட பனித்சா அப்பம். மதியம் மூன்று மணிக்கு ஸ்லத்கா படியேறினாள். நெவெனாவின் கணவன் பேரக்குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அன்றைய வழக்கப்படி ஊரார் தீமூட்டும் மேட்டுக்குப் போயிருந்தான். சமையலறை விளக்கில் இருந்து நூல் தொங்கியது, முனையில், குழந்தைகள் கை படாமல் வாயால் கவ்வி விளையாடியதில் மீந்த ஒரு துண்டு ஹல்வா. மேசையில் அவித்த முட்டைகள்.

ஸ்லத்கா குனிந்து கூமாவின் கையை முத்தமிட்டாள். ஆரஞ்சைக் கொடுத்தாள்.

"உக்காரு," என்றாள் நெவெனா. "ஒல்லியாயிட்ட."

"பஸ்ல போய் வந்தே இளைச்சுட்டேன் கூமா."

நெவெனா காபி ஊற்றினாள். இருவரும் தொங்கும் ஹல்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நெவெனாவே தொடங்கினாள்:

"மேல்முறையீடு போட்டியாம். கொலேவ் சொன்னான்."

"போட்டேன். தள்ளுபடி ஆயிடுச்சு."

"அப்ப விடு. நான் அவன்கிட்ட பேசறேன். துப்புரவுக்கு ஒரு ஆள் வேணும்னு சொல்லிட்டிருந்தான். காலையில நாலு மணி நேரம்."

"பதிவோடயா?"

நெவெனா சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"பதிவில்லாத வேலை எனக்கு எதுக்கு கூமா? எனக்குப் பதினோரு மாசம் வேணும். காசுகூட அப்புறம்தான்." ஸ்லத்கா கைப்பையில் இருந்து நகலை எடுத்து, முட்டைகளுக்குப் பக்கத்தில் விரித்தாள். "இதுல இருக்கிற அட்டை நம்பர் பழசு. ஒன்பது வருஷம் முன்னால செத்துப்போன நம்பர். நீங்க பார்க்கலையா?"

நெவெனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"எட்டுத் தாள்," என்றாள். "கொலேவ் தலைக்கு மேல நிக்கறான். அரை மணி நேரத்துல முடின்னான். தேதி போட்டேன், தேதி போட்டேன், மேல என்ன இருக்குன்னு யாரு பார்த்தா? நாம எல்லாரும்தான் எல்லா மனுவிலயும் அந்த நம்பரை எழுதறோம். ஒருத்தரும் படிக்கறதில்ல."

"என் பேர் வந்தப்ப உங்க கை நடுங்கலையா?"

"நடுங்கிச்சுன்னு சொன்னா நம்புவியா?"

"தெரியல."

"கேட்டுக்கோ. அந்தச் சாம்பல் அலமாரியில இன்னும் நூத்துப் பத்துத் தாள் இருக்கு. என்னுதும் அதுல ஒண்ணு. அலமாரிச் சாவி என்கிட்டதான் இருக்கு. இன்னொண்ணு கொலேவ்கிட்ட." நெவெனா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "எனக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு ஸ்லத்கா. வீட்டுக் கடன் இருக்கு. நீ கோர்ட்டுக்குப் போனா என்னைத்தான் கூப்பிடுவாங்க. நான் என்ன சொல்லணுங்கற?"

"நான் எதுவும் சொல்லச் சொல்லல."

"அப்புறம் எதுக்கு வந்த?"

ஸ்லத்கா எழுந்து நின்றாள். காலருகே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"வழக்கத்துக்குத்தான் வந்தேன். தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுக்கு மன்னிச்சிடுங்க கூமா. நாளைக்குக் காலையில மனு கொடுக்கப் போறேன். அதுக்கும் சேர்த்து."

இதற்குப் பதில் ஒன்றுதான் உண்டு. கடவுள் மன்னிப்பார், நானும் மன்னித்தேன் என்று சொல்லி நெற்றியில் முத்தமிட வேண்டும். நெவெனா சொல்லவில்லை. எழுந்து போய் ஒரு டப்பாவில் ஹல்வாவை எடுத்துவைத்து மூடி, ஸ்லத்காவின் கையில் கொடுத்தாள். கதவு வரை வந்தாள். ஸ்லத்கா படியில் இறங்கும்போது படிக்கட்டு விளக்கு போடாதது ஞாபகம் வந்து திரும்பிப்போய்ப் போட்டாள். அவ்வளவுதான்.

லாட்டரிக் கடைப் பெண் திங்கட்கிழமை மனுவை இருபது நிமிடத்தில் அடித்துக் கொடுத்தாள். ஸ்லத்கா தன் முப்பத்தைந்து வருட உழைப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, "அதெல்லாம் வேணாம் அத்தை," என்று நிறுத்தினாள். "ரெண்டு நம்பர், ரெண்டு தேதி. அட்டை எப்ப மாத்தினீங்கன்னு போலீஸ்ல ஒரு சான்று வாங்கிக்கோங்க." அந்தச் சான்றுக்கும் ஒரு படிவம் இருந்தது.

நான்கு மாத உதவித்தொகை மே நடுவில் நின்றது. விசாரணை மே இருபத்தேழாம் தேதி. இடையில் ஸ்லத்கா இரண்டு வாரம் செர்ரித் தோட்டத்தில் கீழ்க்கிளைகளை மட்டும் பறிக்கும் வேலைக்குப் போனாள். மேல்கிளைக்காரர்கள் அவளுக்காகக் கிளையை வளைத்துப் பிடித்தார்கள். ஜெமிலே கிரேக்கத்திலிருந்து மண் அப்பிய பூட்ஸின் படம் அனுப்பி, 'ராஜினாமா செய்த மகாராணி' என்று எழுதியிருந்தாள். தன் தாளுக்கும் ஒரு நகல் எடுத்துவைக்கச் சொல்லியிருந்தாள். கெடு தாண்டிவிட்டது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஸ்லத்காவுக்குத் தெரியவில்லை.

நீதிமன்றத்தில் ஆலையின் வழக்கறிஞர் மெலிந்த இளைஞர். பழைய எண்ணைத் தவறுதலாக எழுதியிருக்கலாம், வயதானவர், மறதி என்றார்.

நீதிபதி ஸ்லத்காவைப் பார்த்தார். "உங்க அட்டை எண் என்ன?"

ஸ்லத்கா நின்றபடியே ஒன்பது இலக்கத்தையும் சொன்னாள். வழங்கிய நாளையும் அலுவலகத்தையும் சொன்னாள். கேட்காமலே வங்கிக் கணக்கு எண்ணையும் சொன்னாள். எழுத்தர் பெண் சிரிப்பை அடக்கினாள்.

பிறகு நெவெனா உள்ளே வந்தாள். நீல நிறக் கோட்டு, மகன் திருமணத்துக்குப் போட்ட அதே கோட்டு. ஸ்லத்கா பக்கம் திரும்பவில்லை. கொலேவ் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"இந்த விண்ணப்பத்தில் தேதி யாருடைய எழுத்து?" என்று நீதிபதி கேட்டார்.

நெவெனா தாளை வாங்கிப் பார்த்தாள். பார்க்கத் தேவையில்லை என்பது அவளுக்கும் தெரியும். நீண்ட நேரம் பார்த்தாள். வெளியே யாரோ காபி இயந்திரத்தில் நாணயம் போடும் சத்தம் கேட்டது.

"என்னுது," என்றாள்.

"எப்போது எழுதினீர்கள்?"

"இந்த ஜனவரியில."

"விண்ணப்பம் எப்போது எழுதப்பட்டது?"

"அவங்க வேலையில சேர்ந்த அன்னிக்கு. நான்தான் எழுதச் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்வேன்." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?"

பின்னால் கொலேவ் எழுந்து வெளியே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஸ்லத்கா காத்திருந்தாள். நெவெனா வேகமாக வந்து, தாண்டிப் போய், நாலடி தள்ளி நின்று, திரும்பி வந்தாள். முகம் கோபமாகத்தான் இருந்தது.

"அன்னிக்குக் கேட்டியே," என்றாள். "கடவுள் மன்னிப்பார். நானும் மன்னிச்சேன். போதுமா?"

நெற்றியில் அவசரமாக ஒரு முத்தம். உதடு வறண்டிருந்தது. ஸ்லத்கா பதில் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள்.

தீர்ப்பு ஜூன் கடைசியில் வந்தது. வேலைநீக்கக் காரணம் மாற்றப்பட்டது. ஸ்லத்கா தீர்ப்பை எடுத்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள். வெலிச்கோவா அதைப் படித்துவிட்டு உண்மையான சந்தோஷத்தோடு தலையசைத்தாள். பிறகு, "சட்டப்படி அமலுக்கு வந்ததுன்னு ஒரு முத்திரை இருக்கணும் அம்மா. இதுல இல்ல," என்றாள்.

ஸ்லத்கா நீதிமன்றத்துக்குப் போனாள். எழுத்தர் விடுப்பில் இருந்தாள். அடுத்த வாரம் மறுபடியும் போனாள். முத்திரை கிடைத்தது. ஜூலை இரண்டாம் வியாழக்கிழமை முத்திரையோடு மறுபடி வந்தபோது, மறுகணக்கீட்டுக்குப் புதிய விண்ணப்பம் வேண்டும் என்றார்கள். பச்சைப் பெட்டியில் இந்த முறை படிவம் இருந்தது. வரிசைச் சீட்டு நாற்பத்தொன்று. ஜன்னலில் இருபத்தாறு ஓடியது.

தாழ்வாரத்தின் பெஞ்சில் நீல நிறக் கோட்டு மடியில் கிடக்க நெவெனா உட்கார்ந்திருந்தாள். கையில் சீட்டு, நாற்பத்துநாலு.

"கூமா?"

"உக்காரு," என்றாள் நெவெனா. பெஞ்சில் இடம் விட்டாள். "திங்கக்கிழமை கொலேவ் என் தாளை எடுத்துட்டான். அவனே தேதி போட்டிருக்கான். கோணல் மாணலா. அலமாரிப் பூட்டை மாத்தினப்பவே புரிஞ்சுது."

ஸ்லத்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். வருத்தமாக இருக்கிறது என்று சொன்னால் பொய் ஆகாது. ஆனால் அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது. தன் பதினோரு மாதம் இந்தப் பெண்ணின் எட்டு வருடத்திலிருந்து வந்தது என்று நினைத்தாள். நெவெனாவும் அதை நினைத்திருப்பாள்.

"உங்க தாள்ல அட்டை நம்பர் எது?" என்று கடைசியில் ஸ்லத்கா கேட்டாள்.

"பழசுதான். பதினாறு வருஷம் முன்னால எழுதினது." நெவெனாவின் வாயோரம் லேசாக இழுத்தது. "நான்தான் மாதிரியே தயார் பண்ணினேன். என் நம்பரை வெச்சு."

"ரெண்டு மாசக் கெடு. லாட்டரிக் கடைப் பொண்ணுகிட்ட நான் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னால இங்க முடிவு வாங்கணும், அப்புறம் மேல்முறையீடு, அது தள்ளுபடி ஆகும், கவலைப்படாதீங்க, நகல் கேளுங்க."

"இவ்வளவா?"

"இது பாதிதான்."

ஸ்லத்கா பச்சைப் பெட்டியிலிருந்து உதவித்தொகைப் படிவம் ஒன்றை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தாள். பேனாவையும் கொடுத்தாள். நெவெனா மடியில் கைப்பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துப் பார்த்து எண்ணை எழுதத் தொடங்கினாள். பெயர் எழுதினாள். முகவரி எழுதினாள். எத்தனையோ பேரை எழுதவைத்தவள், கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"இங்க தேதி போடணுமா?"

"முதல்ல அதைப் போடுங்க," என்றாள் ஸ்லத்கா.

ஜன்னலில் முப்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள்.